ஆர்.யூ.எஸ். லோன் ஏன் இவ்ளோ லேட்டாகுது? கோ-ஆப் பக்கத்துல உக்காந்து பார்த்தது

ஆர்.யூ.எஸ்.னா அமெரிக்காவுல கிராமத்து கரண்ட் கோ-ஆப்புகளுக்கு லோன் குடுக்கற அரசாங்க அமைப்பு. அமெரிக்காவுல இருக்கற நம்ம ஆளுங்க நிறைய பேருக்கு, தாங்களே ஒரு கரண்ட் கோ-ஆப்போட மெம்பர்னே தெரியாது. ஜார்ஜியாவுல கம்மிங் பக்கம் வீடு வாங்கினவங்க பல பேருக்கு சானி, டெக்சாஸ்ல ஃபிரிஸ்கோ பக்கம் கோசர்வ், லியாண்டர்ல பெடர்னாலிஸ், வடக்கு வர்ஜினியாவுல நோவெக்னு பில் வருதே, இதெல்லாம் கரண்ட் வாங்கறவங்களே சொந்தக்காரங்களா இருக்கற கூட்டுறவு சங்கங்கள். இந்த மாதிரி 48 மாநிலத்துல கிட்டத்தட்ட 900 இருக்கு, 4 கோடிக்கு மேல ஜனங்க இதை நம்பித்தான் விளக்குப் போடறாங்க. நான் சொன்ன ஊரெல்லாம் இப்ப டவுனாயிடுச்சு. ஆனா பெரும்பாலான கோ-ஆப்புங்க இன்னமும் காடு மேடுதான், ஒரு மைல் லைன் இழுத்தா சராசரியா 8 கனெக்ஷன்தான் கிடைக்கும், பெரிய தனியார் கம்பெனிகளுக்கு அதே ஒரு மைல்ல 30க்கு மேல கிடைக்கும். கம்பமும் கம்பியும் ரெண்டு பேருக்கும் ஒரே விலைதான், அதைப் பங்கு போட்டுக்கத்தான் இங்க ஆள் கம்மி.

அதனாலதான் அரசாங்க லோன் இல்லாம இந்தக் கதையே ஆரம்பிச்சிருக்காது. 1930கள்ல இங்க பத்துப் பண்ணை வீட்டுல ஒண்ணுலதான் கரண்ட் இருந்துச்சு. ரூஸ்வெல்ட் 1935 மே மாசம் கிராமங்களுக்குக் கரண்ட் கொண்டு போக ஆர்.இ.ஏ.ன்னு ஒரு அமைப்பைத் தொடங்கினார், அடுத்த வருஷம் அதுக்குச் சட்டம் வந்துச்சு, 1994ல அது வேளாண்மைத் துறைக்குள்ள ஆர்.யூ.எஸ்.னு பேர் மாறுச்சு. இன்னிக்கும் ஒரு கோ-ஆப் புது சப்ஸ்டேஷன் போடணும், பழைய லைனை மாத்தணும்னா முதல்ல எட்டிப் பார்க்கறது இந்தக் கதவைத்தான். 35 வருஷம் வரைக்கும் தவணை, வட்டி அமெரிக்க கருவூலத்தோட ரேட்டுக்கு (அரசாங்கமே கடன் வாங்கற வட்டிக்கு) மேல ஒரு சதவீதத்துல எட்டுல ஒரு பங்கு, அவ்ளோதான். வெளிய எந்த பேங்கும் இதைத் தரமாட்டான்.

நான் இந்தக் கோ-ஆப்புகளுக்கு வொர்க் பிளானும் (அடுத்த சில வருஷத்துல எந்தெந்த லைன் வேலை செய்யணும்ங்கற திட்டம்) லோன் அப்ளிகேஷனும் தயார் பண்ணிக் குடுக்கற வேலையில பல வருஷமா இருக்கேன். எங்க போனாலும் கேக்கற முதல் வார்த்தை, எங்க பேப்பர் வாஷிங்டன்ல தூங்குதுங்கறதுதான். அது உண்மைதான், ஆனா பாதி உண்மை. பேப்பர் தேங்கிக் கிடக்கறதை பேக்லாக்னு எல்லாரும் ஒரே வார்த்தையில சொல்றோம், அதுக்குள்ள ரெண்டு வேற வேற வரிசை இருக்கு, அதைப் பிரிச்சுப் பார்க்காததாலதான் ரெண்டுமே சரியாக மாட்டேங்குது.

ஒண்ணு காசு வரிசை. ஒவ்வொரு வருஷமும் இந்தத் திட்டத்துல இவ்ளோ வரைக்கும்தான் லோன் குடுக்கலாம்னு காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) ஒரு கோடு போடும், அந்தக் கோடு தாண்டிட்டா அப்ளிகேஷன் எவ்ளோ சுத்தமா இருந்தாலும் அடுத்த பட்ஜெட் வரைக்கும் காத்திருக்கணும். 2000ஐ ஒட்டின வருஷங்கள்ல குறைஞ்ச வட்டி நேரடிக் கடன்ல இதுதான் நடந்துச்சு, கேட்டவங்க அதிகம், கோடு சின்னது. இதுக்கு மருந்து காங்கிரஸ் கையிலதான் இருக்கு, கோட்டை உசத்தணும், உசத்தினாங்க, வேற வகை லோன் பக்கமும் திருப்பி விட்டாங்க. இதுல ஒரு விஷயம் நம்ம ஆளுங்க தெரிஞ்சுக்கணும். ஆர்.யூ.எஸ். உத்தரவாதத்துல கருவூலத்தோட பேங்க் குடுக்கற லோனுக்கு வரிப்பணத்துல இருந்து செலவே கிடையாது, பட்ஜெட் கணக்குப்படி அரசாங்கத்துக்கு அதுல வரவுதான். வட்டியும் அசலும் ஒழுங்கா திரும்பி வருது. அப்ப அந்த லோனைத் தாமதப்படுத்தறதால நாட்டுக்கு ஒரு பைசா மிச்சம் இல்ல.

சமீபத்துல இந்தக் காசு வரிசை பெருசாத் தெரிஞ்சது 2022 ஆகஸ்ட்ல வந்த இன்ஃப்ளேஷன் ரிடக்‌ஷன் ஆக்ட்டுக்கு அப்புறம். கோ-ஆப்புகள் சுத்தமான மின்சாரத்துக்கு மாறறதுக்குன்னே 970 கோடி டாலர் ஒதுக்கினாங்க, நியூ எரான்னு பேரு, விருப்பக் கடிதம் அனுப்புங்கன்னு சொன்னதும் வந்து விழுந்த கேட்புத் தொகை அதைவிட ரொம்ப அதிகம். அதே ஆபீஸ், அதே இன்ஜினியருங்க, அதே சுற்றுச்சூழல் ஆளுங்க, வழக்கமா வர்ற லோன் பேப்பரையும் அவங்கதான் பார்க்கணும்.

ரெண்டாவது காகித வரிசை. எனக்கு உண்மையிலேயே வலிக்கறது இதுதான், ஏன்னா இதுல பாதி நம்ம பக்கத்துல இருந்து போறது.

ஒரு உதாரணம் சொல்றேன். அப்பலாச்சியன் மலைப்பக்கம் ஒரு சின்ன கோ-ஆப், பேர் வேண்டாம், 15,000 கரண்ட் மீட்டர், அதாவது கனெக்ஷன், இருக்கும். 1940கள்ல இழுத்த காப்பர்வெல்ட் கம்பி (செம்பு பூசின எஃகுக் கம்பி) இன்னும் ஓடிட்டு இருந்துச்சு, அறுந்து அறுந்து ஒட்டுப்போட்டு ரெண்டு கம்பத்துக்கு நடுவுலயே மூணு நாலு ஒட்டு, ஐஸ் விழுந்தா முதல்ல போறது அந்த லைன்தான். நாலு வருஷ வொர்க் பிளான்ல அதை மாத்தறதுக்கு ஒரு வேலை போட்டிருந்தோம். எங்க ஆபீஸ்ல புதுசா சேர்ந்த திருச்சிப் பொண்ணு ஒருத்தி கடைசி நேரத்துல ஃபைலைப் புரட்டிட்டு, "அண்ணா, பிளான்ல இந்த லைன் 4.2 மைல்னு இருக்கு, என்விரான்மென்டல் ரிப்போர்ட்ல 3.6 மைல்னு இருக்கே, எது சரி?"ன்னு கேட்டா. நான் அப்ப அவசரத்துல, ரோடு ஓரமா ரூட் மாத்தினோம்மா, பரவாயில்ல, அவங்க புரிஞ்சுப்பாங்கன்னு சொல்லி அனுப்பிட்டேன். அந்த ஒரு வார்த்தைக்கு நான் இன்னிக்கும் வருத்தப்படறேன்.

அங்க உக்காந்திருக்கறவரு எப்படிப் புரிஞ்சுப்பாரு? அவருக்கு முன்னாடி மூணு பேப்பர், வொர்க் பிளான், 740சி-ன்னு சொல்ற செலவு மதிப்பீட்டு ஃபார்ம், என்விரான்மென்டல் ரிப்போர்ட், மூணுலயும் ஒரே வேலைக்கு ஒரே கோட் நம்பர் இருக்கணும், மைலும் டாலரும் ஒத்துப்போகணும், போகலைன்னா அவர் கையெழுத்துப் போட முடியாது. விளக்கம் கேட்டு லெட்டர் வந்துச்சு, அதுவும் உடனே வரல, எங்க ஃபைல் முறை வந்து அவர் திறந்து பார்க்கவே மாசக்கணக்காச்சு. நாங்க மேப்பைத் திருத்தி அனுப்பினோம், மாநிலத்தோட வரலாற்றுப் பாதுகாப்பு ஆபீசுக்கு புது ரூட்டோட மேப் திரும்பப் போச்சு, அவங்களுக்குச் சட்டப்படி 30 நாள். அது முடிஞ்சு வரும்போது மார்ச் முடிஞ்சிருச்சு.

மார்ச் முடிஞ்சா என்னன்னு கேப்பீங்க. அந்தப் பக்கத்துக் காட்டுல இந்தியானா வவ்வால்னு ஒண்ணு இருக்கு, 1967ல இருந்து அழியற இனப் பட்டியல்ல இருக்கு, வெயில் காலத்துல ஷேக்பார்க் ஹிக்கரி மாதிரி பட்டை உரிஞ்சு தொங்கற மரத்துக்கு இடுக்குல குட்டி போட்டு வளர்க்கும். அதனால அந்த மாதிரி மரங்களைக் குளிர்காலத்துல மட்டும்தான் வெட்டலாம். வவ்வாலைக் காப்பாத்தறது தப்பே இல்ல, அந்தத் தேதி ஊரறிஞ்ச தேதி, நாங்கதான் முன்னாடியே கணக்குப் போட்டிருக்கணும். 0.6 மைல் வித்தியாசத்துக்கு ஒரு வருஷம் போச்சு. அந்த வருஷக் குளிர்ல ஐஸ் விழுந்து அதே லைன் அறுந்து, ஆக்சிஜன் மெஷின் வச்சிருந்த ஒரு தாத்தாவை ராத்திரியோட ராத்திரியா மகள் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போக வேண்டியதாச்சு. லைன்மேன் என்கிட்ட கோவமா எதுவும் பேசல, அறுந்த கம்பித் துண்டை டிரக்ல இருந்து எடுத்துக் காமிச்சார், கைக்கட்டை விரல் நீளத்துல ஒட்டு, பச்சை பிடிச்சுப்போய்.

தாமதத்துக்கு விலையும் உண்டு. இந்த லோன்ல வட்டி, ஒப்புதல் கிடைக்கற அன்னிக்கு முடிவாகறது கிடையாது, காசை எடுக்கற ஒவ்வொரு தடவையும் அன்னிக்கு இருக்கற ரேட்தான். 2020ல 30 வருஷக் கருவூல ரேட் ஒண்ணரை சதவீதத்தை ஒட்டி இருந்துச்சு, 2023 அக்டோபர்ல 5 தாண்டுச்சு. 2 கோடி டாலர் லோன், 35 வருஷம்னு வைங்க, ஒண்ணரை சதவீதத்துல வருஷத் தவணை ஏறக்குறைய 7 லட்சத்து 39 ஆயிரம் டாலர், நாலரை சதவீதத்துல 11 லட்சத்து 45 ஆயிரம். வித்தியாசம் வருஷத்துக்கு 4 லட்சம், 15,000 மீட்டருக்குப் பங்கு போட்டா ஆளுக்கு வருஷம் 27 டாலர், 35 வருஷத்துக்கு. ரேட் எப்பவும் ஏறும்னு நான் சொல்லல, இறங்கவும் செய்யும், ஆனா எப்ப எடுக்கறதுங்கற முடிவு நம்ம கையில இல்லாம போயிடுது. போதாக்குறைக்கு 2021க்கு அப்புறம் டிரான்ஸ்ஃபார்மர் விலை ஏறி, ஆர்டர் போட்டு வருஷக்கணக்கா காத்திருக்கற நிலைமை, பிளான் எழுதின அன்னிக்குப் போட்ட விலையும் லோன் வர்ற அன்னிக்கு இருக்கற விலையும் ஒத்தே வராது, அப்புறம் அதுக்கு ஒரு திருத்தம், அந்தத் திருத்தம் திரும்ப வரிசையில.

ஆபீஸ் பக்கத்துக் குறையையும் சொல்லணும். அனுபவசாலிங்க ரிட்டயர் ஆகறாங்க, அந்த இடம் காலியாவே கிடக்குது, ஃபீல்டுல ஒருத்தர் தலையில பல கோ-ஆப். பட்ஜெட் ஒப்புதல் இல்லாம அரசாங்க ஆபீஸை மூடறதுதான் ஷட்டவுன், 2018 டிசம்பர்ல தொடங்கினது 35 நாள், 2025 அக்டோபர்ல தொடங்கினது 43 நாள். கதவு திறந்த அன்னிக்கு மேசை மேல அத்தனை நாள் பேப்பரும் சேர்ந்து நிக்கும், அந்த 43 நாளைச் சரிக்கட்ட இன்னும் நிறைய நாள் ஆகும். என்னைக் கேட்டா அவங்க செய்ய வேண்டியதுல முதல் வேலை வாசல்லயே பார்க்கறது. அப்ளிகேஷன் வந்த முதல் வாரத்துலயே ஒருத்தர் உக்காந்து முழுசா இருக்கா, நம்பர் ஒத்துப்போகுதான்னு மட்டும் பார்த்துட்டு, இல்லைன்னா அன்னிக்கே திருப்பி அனுப்பிடணும், அரைகுறைப் பேப்பரை வாங்கி வச்சுக்கிட்டு வரிசையில நிக்க விடறது யாருக்குமே உபகாரம் இல்ல. மலைமலையா வர்ற மின்நிலைய லோனையும், கம்பம் மாத்தற சின்ன லோனையும் ஒரே வரிசையில நிறுத்தறதையும் விடணும், ஒரு மின்நிலைய லோன் தின்னுற ஆள் நேரத்துல பல சின்ன லோனை முடிச்சு அனுப்பிடலாம். அப்புறம், எந்த மேசையில இருக்கு, யார் பதில் சொல்லணும்னு கோ-ஆப்புக்குத் தெரியற மாதிரி இருக்கணும். பாதி போன் காலே இதுக்குத்தான் போகுது, அந்தக் காலுக்குப் பதில் சொல்றவரும் பேப்பர் பார்க்கற அதே ஆள்தான்.

கோ-ஆப் மேனேஜருங்க யாராவது நம்ம ஆளுங்க வழியா இதைக் கேள்விப்பட்டா அவங்களுக்கு நான் சொல்றது, சுற்றுச்சூழல் வேலையை லோன் வேலையோட வாலா நினைக்காதீங்க, அதுதான் தலை. வொர்க் பிளான் எழுதும்போதே ரூட்டை நடந்து பார்த்துடுங்க. கிளியரன்ஸ் வர்றதுக்கு முன்னாடி குழி தோண்டினா அந்த வேலைக்கு லோன் காசு கிடைக்காமலே போகலாம், அவசரம்னு சொல்லி அந்தத் தப்பை மட்டும் பண்ணிடாதீங்க. கிளியரன்ஸும் பிளான் ஒப்புதலும் கையில இருந்தா, லோன் வர்ற வரைக்கும் கோ-ஆப்புகளுக்குக் கடன் குடுக்கற சி.எஃப்.சி.லயோ கோபேங்க்லயோ குறுகிய காலக் கடன் எடுத்து வேலையைத் தொடங்கலாம், ஆர்.யூ.எஸ். காசு வந்ததும் அடைச்சுக்கலாம், வட்டி கொஞ்சம் கூடத்தான், ஒரு வருஷம் லைனைத் தொங்க விடறதுக்கு அது எவ்வளவோ மேல். போர்டு மாசத்துக்கு ஒரு தடவைதான் கூடும், தீர்மானம் அந்தக் கூட்டத்துல விட்டுப்போனா ஒரு மாசம் போச்சு. லோன் ஒப்புதல் ஆனப்புறமும் வக்கீல் கருத்துரை, அடமானப் பத்திரம், பதிவுன்னு இன்னொரு சின்ன வரிசை இருக்கு, வக்கீலுக்கு முன்னாடியே தகவல் சொல்லி வைங்க.

மெம்பரா இருக்கறவங்க வருஷக் கூட்டத்துக்குப் போங்க, பரிசுக் குலுக்கல் முடிஞ்சதும் எழுந்து வந்துடாதீங்க. வொர்க் பிளான் எந்த நிலைமையில இருக்கு, லோன் அப்ளை பண்ணி எத்தனை மாசம் ஆச்சு, ஆர்.யூ.எஸ். கேள்வி கேட்டு லெட்டர் போட்டிருந்தா அதுக்குப் பதில் போச்சான்னு கேளுங்க. சொந்தக்காரங்களா நீங்க கேக்கற கேள்வி அது, பதில் சொல்ல வேண்டியது அவங்க கடமை.

அந்த மலைப்பக்க கோ-ஆப்போட அடுத்த வொர்க் பிளானை நாங்கதான் செஞ்சோம். இந்தத் தடவை அந்தப் பொண்ணு மூணு ஃபைலையும் மேசையில விரிச்சு, பென்சிலை வச்சுக்கிட்டு ஒவ்வொரு கோட் நம்பரா டிக் பண்ணி, ஒத்து வராத ஏழு இடத்தை எடுத்துக் குடுத்தா. ஒரு வாரம் லேட்டா அனுப்பினோம், மேனேஜருக்குக் கோவம்தான். கேள்வி லெட்டர் வரவே இல்ல. ஜனவரியில கிளியரன்ஸ் வந்துச்சு, மார்ச் மூணாவது வாரத்துக்குள்ள மரமெல்லாம் வெட்டி முடிச்சாச்சு.