மண்டும் அயற்செடி: சொல் விளக்கம்

உண்ணிச்செடி வெட்டும் செய்தி எதைப் பார்த்தாலும் ‘அந்நியத் தாவரம் அகற்றம்’ என்றே போடுகிறார்கள். வந்த இடத்தில் பரவி மற்றதை அமுக்கிவிடும் உயிரினத்தை ஆங்கிலத்தில் ‘இன்வேசிவ்’ (invasive) என்பார்கள். அதற்கு அந்நியம் என்று எழுதுவது தவறு.

லத்தீனில் ‘இன்வாதெரே’ என்றால் உள்ளே புகுதல். 1958-இல் ஆங்கிலேய விலங்கியலாளர் சார்ல்ஸ் எல்டன் எழுதிய நூலுக்குப் பிறகு சூழலியலில் இந்தச் சொல் ஊன்றிக்கொண்டது. வேர்க்கதை அவ்வளவுதான்.

அந்நியம் என்பது பிறந்த இடம்; இன்வேசிவ் என்பது நடத்தை. மிளகாய், தக்காளி, நிலக்கடலை எல்லாமே உண்ணிச்செடியைப் போல அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவைதான். மிளகாய்ச்செடி எந்தக் காட்டை மூடியது?

சரி, ‘ஆக்கிரமிப்புத் தாவரம்’? வடசொல் என்பதற்காக மட்டும் இதை நான் தள்ளவில்லை. நம் ஊரில் ஆக்கிரமிப்பு என்றால் ஏரிக்கரை, புறம்போக்கு, புல்டோசர். ‘வனத்தில் ஆக்கிரமிப்பு அகற்றம்’ என்ற தலைப்பைப் படிப்பவர் செடியையா நினைப்பார்? காட்டுக்குள் தலைமுறை தலைமுறையாக வாழும் சோளகரையும் இருளரையும்தான் நினைப்பார். நில உரிமைக்கு அலைகிறவர்கள் மேல் இந்தப் பழியும் ஏன் விழ வேண்டும்? ‘ஊடுருவும் இனம்’ என்பதும் ஒட்டவில்லை. ஊடுருவல் என்றால் மறைவாக நுழைவது. உண்ணியை ஆங்கிலேயர் காலத்தில் பூவின் அழகுக்காகத் தோட்டங்களில் நட்டு வளர்த்தார்கள்.

நம்மிடம் ‘மண்டுதல்’ இருக்கிறதே! புதர் மண்டிக் கிடக்கிறது என்று யாரும் சொல்லுவோம். முதுமலையிலும் சத்தியமங்கலத்திலும் நடப்பது அதுதான். நாற்பட்டைத் தண்டும் கொக்கி முள்ளுமாக உண்ணி ஒன்றோடொன்று பின்னிக்கொள்கிறது. அடியில் வெயில் விழாததால் புல் முளைப்பதில்லை. மானுக்கும் காட்டெருமைக்கும் மேய்ச்சல் போகிறது. கோடையில் தரைத்தீ அதைப் பிடித்து மரக்கிளை வரை ஏறுகிறது. மேலாக வெட்டினால் மறுபடி துளிர்க்கும். கருநீலப் பழத்தைத் தின்னும் பறவைகள் விதையைக் காடெங்கும் போடும்.

அதனால் ‘மண்டும் அயற்செடி’ என்கிறேன். ‘அயல்’ பிறப்பைச் சொல்லும், ‘மண்டும்’ செய்கையைச் சொல்லும். மண்டு என்றால் மூடன் ஆயிற்றே என்பவர்களுக்கு: ‘மண்டும்’ என்று பெயரெச்சமாக எழுதினால் அந்தக் குழப்பமே வராது.

மொழிபெயர்ப்பவர்கள் அகராதியோடு நின்றுவிடுகிறார்கள். உண்ணி என்று இங்கேயும் நாயுண்ணி என்று இலங்கையிலும் பெயர் இருக்க, ‘லாண்டானா கமாரா எனும் களை’ என்று எழுதுகிறார்கள். ஆடு மேய்க்கும் எவரிடமாவது கேட்டிருக்கலாம்.