கிராஸ்ஓவர்: பகுப்பானும் கூடலும்

வீட்டு ஸ்பீக்கர் பற்றி இரண்டு பேர் பேச உட்கார்ந்தால் ஐந்து நிமிடத்துக்குள் ‘கிராஸ்ஓவர்’ வந்துவிடும். “கிராஸ்ஓவர் எவ்வளவில் வைத்திருக்கிறீர்கள்?” என்று கேட்டால் அது ஓர் எண். “பழைய கிராஸ்ஓவரைக் கழற்றிவிட்டுப் புதிதாகக் கட்டினேன்” என்றால் அது பெட்டிக்குள் இருக்கும் பலகை. ஒரே சொல் ஒரு பொருளையும் ஓர் அளவையும் சேர்த்துக் குறிப்பதால், புதிதாக வருபவர் பாதிப் பேச்சு புரியாமல் தவிக்கிறார். தமிழில் இந்தக் குழப்பம் தேவையே இல்லை. இரண்டுக்கும் தனித்தனிச் சொல் நம்மிடம் இருக்கிறது.

முதலில் பொருள். மனிதக் காது ஏறத்தாழ 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். அதிர்வெண் இருமடங்கானால் ஒரு ஸ்தாயி, ஆகவே இது பத்து ஸ்தாயி. இத்தனையையும் ஒரே கூம்பால் நன்றாக ஒலிக்கச் செய்வது கடினம். தாழ்ந்த ஒலிக்கு நிறையக் காற்றைத் தள்ள வேண்டும், அதற்குப் பெரிய கூம்பு வேண்டும். உயர்ந்த ஒலிக்கு நொடிக்குப் பல ஆயிரம் முறை அசைய வேண்டும், அதற்கு எடை குறைந்த சிறு குமிழ் வேண்டும். ஆகவே தாழ்ந்த ஒலிக்கு வூஃபர் ஒன்று, உயர்ந்த ஒலிக்கு ட்வீட்டர் ஒன்று. ஆம்பிளிஃபயரிலிருந்து ஒரே இணைக் கம்பியில் வரும் மின்குறிப்பை அதிர்வெண் பார்த்துப் பகுத்து, வூஃபருக்கு உரியதை வூஃபருக்கும் ட்வீட்டருக்கு உரியதை ட்வீட்டருக்கும் அனுப்பும் சுற்றுதான் கிராஸ்ஓவர்.

இந்த வேலைக்கு ஏன் ‘குறுக்கே கடப்பது’ என்ற பெயர்? கிராஸ் என்பதன் வேர் சிலுவையைக் குறிக்கும் லத்தீன் சொல். அதிலிருந்தே குறுக்கே செல்லுதல், கடத்தல் என்ற பொருள்கள் கிளைத்தன. ஆனால் இந்தச் சுற்று எதையும் கடப்பதில்லை. பெயர் வந்தது வரைபடத்திலிருந்து. வூஃபரின் ஒலி அளவு ஓர் இடத்துக்கு மேல் சரிந்து இறங்கும், ட்வீட்டரின் ஒலி அளவு அங்கே ஏறி வரும். இரண்டு கோடுகளும் ஒன்றையொன்று வெட்டும் புள்ளியைக் கிராஸ்ஓவர் அதிர்வெண் என்றார்கள். 1930களில் சினிமா அரங்குகளுக்கும் ஆய்வகங்களுக்கும் பெரிய ஸ்பீக்கர்கள் கட்டிய அமெரிக்கப் பொறியாளர்கள் அந்தச் சுற்றை ‘டிவைடிங் நெட்வொர்க்’ என்றே எழுதினார்கள், அதாவது பகுக்கும் வலை. 1933 ஏப்ரல் 27 அன்று ஃபிலடெல்ஃபியாவில் வாசித்த இசைக்குழுவைத் தொலைபேசிக் கம்பி வழியே வாஷிங்டன் அரங்கில் ஒலிக்கச் செய்து காட்டிய பெல் ஆய்வகத்தின் ஸ்பீக்கர்களில் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒரு கொம்பு வடிவ ஒலிப்பான், மேலே வேறு கொம்புகள். நாளடைவில் அதிர்வெண்ணின் பெயரே சுற்றுக்கும் ஒட்டிக்கொண்டது. நம் ஊர்க் கடைகளில் ‘டூ-வே நெட்வொர்க்’ என்று கேட்டு வாங்குபவர், தெரியாமலே பழைய பெயரைக் காப்பாற்றி வருகிறார்.

இனித் தமிழ். அகராதியைப் புரட்டிச் சொல்லுக்குச் சொல் வைத்தால் ‘குறுக்கீடு’ என்று வரும். அதை வைக்கவே கூடாது. இயற்பியல் பாடத்தில் குறுக்கீடு என்பது இரண்டு அலைகள் மோதி ஒன்றையொன்று வலுப்படுத்துவது அல்லது அழிப்பது. ரேடியோவில் இரைச்சல் நுழைவதும் குறுக்கீடுதான். சரியாக அமையாத கிராஸ்ஓவரில் நேரும் கோளாறின் பெயரையே கிராஸ்ஓவருக்கு வைத்ததாகிவிடும். ‘வடிப்பான்’ என்பதும் போதாது. வடிப்பான் வேண்டாததைத் தள்ளிவிடும். இங்கே எதுவும் வேண்டாதது அல்ல, வூஃபருக்கு ஆகாதது ட்வீட்டருக்குப் போகிறது. இரண்டு வடிப்பான்கள் சேர்ந்து செய்யும் வேலை இது.

‘பிரிப்பான்’ கிட்டத்தட்டச் சரி. ஆனால் பிரித்தல் என்றால் இது தனி, அது தனி என்று வெட்டிவிடுவது. பகுத்தல் என்றால் யாருக்கு எது உரியதோ அதை அளந்து கொடுப்பது. பகுதி, பங்கு, பகிர்வு எல்லாம் அந்த வழியில் வந்தவை. இந்தச் சுற்று கத்தியால் வெட்டுவது போல வெட்டுவதில்லை, எல்லையின் இருபுறமும் ஒரு ஸ்தாயி அளவுக்கு வூஃபரும் ட்வீட்டரும் சேர்ந்தே ஒலிக்கின்றன. ஆகவே சுற்றுக்குப் பகுப்பான், முழுப் பெயராக அதிர்வெண் பகுப்பான். பகுப்பாய்வி என்பது அளந்து காட்டும் கருவி. ‘ஆய்வு’ அதிலே இருப்பதால் இரண்டும் மயங்காது.

கிராஸ்ஓவர் அதிர்வெண்ணுக்குக் கூடல் அதிர்வெண். ஆறுகள் சேரும் இடம் கூடல். பவானியும் காவிரியும் சேரும் இடத்தைக் கூடுதுறை என்கிறோம். இங்கே சேர்வது இரண்டு ஒலிகள். அவை வெறுமனே சந்திப்பதில்லை, கூட்டப்படுகின்றன. சந்திப்பு அதிர்வெண் என்பதைவிடக் கூடல் சிறப்பாகப் பொருந்துவது அதனால்தான்.

பகுப்பானின் உள்ளே இருப்பவை மிக எளியவை. மின்தேக்கி தாழ்ந்த அதிர்வெண்ணைத் தடுத்து உயர்ந்ததை விடும், ஆகவே ட்வீட்டருக்குத் தொடராக அது. மின்தூண்டி, அதாவது காயில், உயர்ந்ததைத் தடுத்துத் தாழ்ந்ததை விடும், ஆகவே வூஃபருக்குத் தொடராக அது. கணக்கும் எளிது. 1,59,155-ஐக் கூடல் அதிர்வெண்ணாலும் ஸ்பீக்கரின் ஓம் அளவாலும் வகுத்தால் மின்தேக்கி மைக்ரோஃபாரட்டில் வரும். 159.15-ஐ ஓமால் பெருக்கி அதிர்வெண்ணால் வகுத்தால் காயில் மில்லிஹென்றியில் வரும். 8 ஓம் ஸ்பீக்கர், 2,500 ஹெர்ட்ஸ் கூடல் என்றால் 8 மைக்ரோஃபாரட், 0.51 மில்லிஹென்றி. இதற்குச் சரிவு, அதாவது கூடலைத் தாண்டியபின் ஒலி குறையும் வேகம், ஒரு ஸ்தாயிக்கு 6 டெசிபெல்தான். பெரும்பாலான ட்வீட்டர்களுக்கு அது போதாது, தாழ்ந்த ஒலி நிறைய நுழைந்து குமிழை அலைக்கழிக்கும். 12 டெசிபெல் சரிவு வேண்டும் என்றால் இரு பக்கமும் மின்தேக்கியும் காயிலும் சேர வேண்டும். இரண்டு பொறியாளர்களின் பெயரால் வழங்கும் லிங்க்விட்ஸ்–ரைலி முறையில் மின்தேக்கி பாதியாகும், காயில் இருமடங்காகும்: 4 மைக்ரோஃபாரட், 1 மில்லிஹென்றி. கடையில் கிடைக்கும் 3.9 மைக்ரோஃபாரட் இதற்குப் போதும்.

2,500 ஏன்? ஆறரை அங்குல வூஃபரில் உண்மையாக அசையும் கூம்பு ஏறத்தாழ 13 செ.மீ. குறுக்களவு. 2,600 ஹெர்ட்ஸில் ஒலியின் அலைநீளமும் அதே 13 செ.மீ. அதற்கு மேல் போனால் ஒலி விரியாமல் டார்ச் வெளிச்சம் போல நேராகப் பாயும். சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்தவருக்குப் பாடகர் குரல் மங்கும். கீழ் எல்லையைச் சொல்வது ட்வீட்டர்: அதன் ஒத்ததிர்வு அதிர்வெண்ணை, அதாவது குமிழ் இயல்பாகவே அதிகம் அதிரும் அதிர்வெண்ணைப் போல் இருமடங்குக்காவது மேலே கூடல் இருக்க வேண்டும். 1,000 ஹெர்ட்ஸ் ஒத்ததிர்வு உள்ள ட்வீட்டர் 2,500-இல் நிம்மதியாக வேலை செய்யும்.

இப்போது எங்கே தவறுகிறது என்று பார்ப்போம். தயார்ப் பலகைகள் 8 ஓம் என்று வைத்துக் கட்டப்பட்டிருக்கும். அதில் 4 ஓம் வூஃபரும் 4 ஓம் ட்வீட்டரும் மாட்டினால், மேலே சொன்ன எளிய கணக்கில், வூஃபர் 1,250-இலேயே சரியத் தொடங்கும், ட்வீட்டர் 5,000-இல்தான் முழுதாக எழும். நடுவில் இரண்டு ஸ்தாயி பள்ளம். குரல் கதவுக்குப் பின்னாலிருந்து வருவது போல இருக்கும். 4 ஓம் பலகையில் 8 ஓம் ட்வீட்டர் மாட்டினால் இதற்கு நேர்மாறு, கூடல் பாதியாக இறங்கி ட்வீட்டர் கருகும். “நல்ல ட்வீட்டர்தான், ஆறு மாதத்தில் போய்விட்டது” என்ற புலம்பலில் பலவற்றுக்குக் காரணம் இதுதான்.

இன்னொன்று, 8 ஓம் என்பது எல்லா அதிர்வெண்ணிலும் 8 ஓம் அல்ல. வூஃபரின் குரல்சுருள் தானே ஒரு காயில் என்பதால் மேலே போகப் போக மின்னெதிர்ப்பு ஏறும். பகுப்பான் கணக்கு அங்கே பிசகும். வூஃபருக்கு இணையாக ஒரு ரெசிஸ்டரும் மின்தேக்கியும் தொடராக வைத்தால் அந்த ஏற்றம் அடங்கும். மல்ட்டிமீட்டரில் வூஃபர் 6 ஓம் காட்டினால், அதைப் போல் ஒன்றேகால் மடங்கு, 7.5 ஓம் ரெசிஸ்டர். சுருளின் தூண்டல் 0.5 மில்லிஹென்றி என்றால் மின்தேக்கி ஏறத்தாழ 9 மைக்ரோஃபாரட். ஸோபெல் சுற்று என்று இதற்குப் பெயர்.

ட்வீட்டர் பெரும்பாலும் வூஃபரைவிடச் சத்தமாக ஒலிக்கும். வூஃபர் 86 டெசிபெல், ட்வீட்டர் 90 என்றால் 4 டெசிபெல் குறைக்க வேண்டும். ட்வீட்டருக்குத் தொடராக 3 ஓம், இணையாக 13.7 ஓம். இப்படி இரண்டும் வைத்தால் பகுப்பான் பார்க்கும் ஓம் மாறாமல் 8-ஆகவே நிற்கும். ஒற்றை ரெசிஸ்டர் மட்டும் வைத்தால் சத்தம் குறையும், கூடலும் நகர்ந்துவிடும்.

காயில்கள் இரண்டை ஒட்டி ஒட்டி ஒரே திசையில் பசை போட்டு வைத்திருக்கும் பலகை ஏராளம். ஒன்றின் காந்தப்புலம் மற்றதில் ஏறும், பகுத்தது மறுபடி கலக்கும். ஒன்று படுத்திருந்தால் மற்றது நிற்க வேண்டும், இடையில் பத்து செ.மீ. இருந்தால் நல்லது. இருபது முப்பது ஆண்டுப் பழைய பெட்டிகளில் முனையில்லா எலக்ட்ரோலிட்டிக் மின்தேக்கிகளை அளந்து பாருங்கள். உலர்ந்து அளவு மாறியிருந்தால் இடது வலது பெட்டிகள் இரண்டு வேறு குரலில் பேசும். பாலிப்ரொப்பிலீன் மின்தேக்கிக்கு மாறும்போது இரு பெட்டியிலும் மாற்ற வேண்டும். பழையதைவிட உள்தடை குறைவு என்பதால் ட்வீட்டர் சற்றுக் கூர்மையாகத் தெரியும். கூச்சமாக இருந்தால் அரை ஓம் தொடராகச் சேர்க்கலாம்.

‘கூடல்’ என்ற சொல் தன் பொருளை முழுதாகக் காட்டுவது முனை மாற்றத்தில். லிங்க்விட்ஸும் ரைலியும் ஹியூலெட்-பக்கார்டு நிறுவனத்தில் பொறியாளர்கள். 1976-இல் வெளியான அவர்களது முறையில் கூடல் அதிர்வெண்ணில் வூஃபரும் ட்வீட்டரும் தலா 6 டெசிபெல் குறைந்திருக்கும். 6 குறைவு என்றால் ஒலியழுத்தம் பாதி. பாதியும் பாதியும் ஒரே கட்டத்தில், அதாவது இரண்டு அலையும் சேர்ந்தே ஏறிச் சேர்ந்தே இறங்கும்படி, சேர்ந்தால் முழுமை. ஆனால் 12 டெசிபெல் சரிவில் இரண்டும் நேர் எதிர்க் கட்டத்தில் வெளிவரும். அப்படியே விட்டால் பாதியைப் பாதி அழித்து 2,500-இல் கிணறு தோண்டியது போலாகும். அதனால்தான் ட்வீட்டரின் கூட்டல் கழித்தல் கம்பிகளை மாற்றி இணைக்கிறோம். “தவறாக மாட்டியிருக்கிறார்கள்” என்று நினைத்துத் திறந்து ‘சரிசெய்து’ ஒலியைக் கெடுத்துக்கொள்பவர்கள் உண்டு.

சோதிப்பது எளிது. ஃபோனில் கூடல் அதிர்வெண்ணில் ஒரு சுரம் மெதுவாக ஒலிக்க விடுங்கள். ட்வீட்டர் உயரத்தில் ஒரு மீட்டர் தள்ளி ஒலி அளக்கும் செயலியை வைத்து, ட்வீட்டர் கம்பிகளை இரு விதமாகவும் மாட்டிப் பாருங்கள். ஒரு விதத்தில் அளவு சட்டென்று விழும். விழாத விதமே சரி. விழும் பள்ளம் எவ்வளவு ஆழமோ அவ்வளவு துல்லியமாகக் கூடல் அமைந்திருக்கிறது. வூஃபரின் முனையை 1.5 வோல்ட் பாட்டரியைத் தொட்டு அறியலாம், கூம்பு வெளியே வந்தால் பாட்டரியின் கூட்டல் தொட்ட முனையே கூட்டல். ட்வீட்டரில் பாட்டரி வைக்க வேண்டாம்.

பகுப்பான் பகுப்பதோடு நிற்பதில்லை என்பதற்கு நல்ல சான்று பிபிசி தன் வெளிப்புற ஒலிபரப்பு வண்டிகளுக்காக 1970களில் வடிவமைத்த எல்எஸ்3/5ஏ என்ற ஸ்பீக்கர். ஒரு அடி உயரம், ஐந்து லிட்டர் பெட்டி, கூடல் 3,000 ஹெர்ட்ஸ். இரண்டே ஒலிப்பான்கள் உள்ள அந்தச் சின்னப் பெட்டியின் பகுப்பான் பலகையில் நான்கு உறுப்புகளுக்கு மிக அதிகமாகவே இருக்கும். வூஃபர் நடுப்பகுதியில் இயல்பாகவே துருத்திக்கொண்டு ஒலிப்பதைத் தட்டையாக்கும் வேலையும் அதே பலகைக்குத்தான். அதைத் தூக்கிவிட்டு ‘எளிமையான நல்ல பகுப்பான்’ மாட்டினால் அது எல்எஸ்3/5ஏ ஆகாது.

ட்வீட்டருக்கு ‘மேல் ஸ்தாயி ஒலிப்பான்’ என்று எழுதுகிறவர்களுக்கு ஒரு சொல். ஒரு கட்டையில் பாடும் ஆண் குரலின் மத்திய சட்ஜம் ஏறத்தாழ 131 ஹெர்ட்ஸ். தார ஸ்தாயி பஞ்சமத்தைத் தொட்டாலும் 392-தான். மந்திரம், மத்தியம், தாரம் மூன்றும் வூஃபருக்குள்ளேயே அடங்கிவிட்டன. ட்வீட்டருக்குப் போவது மேற்சுரங்களும், வல்லின மெய்களின் வெடிப்பும், வீணைத் தந்தியில் நகம் படும் முதல் நொடியும். ட்வீட்டரைக் கழற்றிவிட்டுக் கேட்டால் ராகம் தெரியும், சாகித்தியம் மங்கும்.

வீட்டுத் திரையரங்கின் ஏவி ரிசீவரில் ‘கிராஸ்ஓவர் 80’ என்று வைப்பதும் கூடல் அதிர்வெண்தான், மிகத் தாழ்ந்த ஒலிக்கான சப்வூஃபருக்கும் மற்றப் பெட்டிகளுக்கும் இடையில். அங்கே பகுப்பான் ரிசீவருக்குள் எண்ணியல் கணக்காக இருக்கிறது. ரிசீவரின் அமைப்புகளில் பெட்டிகளை ‘ஸ்மால்’ என்று வைத்தால்தான் அது வேலை செய்யும். சப்வூஃபரின் முதுகில் உள்ள திருகையும் 80-இல் வைத்தால் இரண்டு பகுப்பு ஒன்றன்மேல் ஒன்றாக விழும், கூடலில் பள்ளம் வரும். திருகை உச்ச எண் வரை திருப்பிவிடுங்கள், அல்லது அந்தத் திருகைத் தவிர்த்துச் செல்லும் எல்எஃப்இ துளையில் கம்பியைச் செருகுங்கள்.

ஆம்பிளிஃபயர் பேச்சில் வரும் ‘கிராஸ்ஓவர் டிஸ்டார்ஷன்’ இவற்றில் எதுவும் அல்ல. அலையின் மேல்பாதியை ஒரு டிரான்சிஸ்டரும் கீழ்ப்பாதியை இன்னொன்றும் தள்ளும் அமைப்பில், அலை சுழியைக் கடக்கும்போது ஒன்று விட்டு மற்றது பிடிப்பதற்குள் விழும் நெளிவு அது. மெல்லிய சத்தத்தில்தான் அதிகம் உறுத்தும். அதற்குச் சுழிக்கடப்புத் திரிபு. கடப்பு என்ற சொல் உண்மையாகவே பொருந்தும் இடம் இது ஒன்றுதான்.