தாக்குதல் செய்திகளை எவ்வளவு நேரம் பார்க்கிறீர்கள்?

எங்காவது பெரிய தாக்குதல் நடந்தாலோ போர் மூண்டாலோ, மனநல மருத்துவரின் அறையில் சில புகார்கள் கூடும். தூக்கம் வரவில்லை, நெஞ்சு படபடக்கிறது, கூட்டத்துக்குள் போகப் பயமாக இருக்கிறது என்பார்கள். சம்பவம் நடந்தது அவர்கள் கால்வைத்தே இராத நாட்டில். சொந்தக்காரர்கள்கூட அங்கே இல்லை. ஒரு நாளில் எவ்வளவு நேரம் அந்தச் செய்தியைப் பார்க்கிறீர்கள் என்று கேட்டால்தான் விஷயம் வெளியே வரும். கண் விழித்ததிலிருந்து தூங்கும்வரை அதே வீடியோக்கள்.

வீட்டார் இதை மனப்பலவீனம் என்பார்கள். அப்படியில்லை. 2013 ஏப்ரலில் பாஸ்டன் மாரத்தானில் குண்டுகள் வெடித்தன. அதைத் தொடர்ந்த ஒரு வாரம், நாளுக்கு ஆறு மணி நேரமோ அதற்கு மேலோ அந்தச் செய்தியிலேயே மூழ்கியிருந்தவர்களிடம், குண்டுவெடிப்பை நேரடியாக எதிர்கொண்டவர்களைவிடவும் கடும் மன அழுத்த அறிகுறிகள் அதிகம் தெரிந்ததாக ஓர் அமெரிக்க ஆய்வு கண்டது. ஏற்கெனவே பதற்றம் உள்ளவர்கள்தானே அதிகம் பார்ப்பார்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். பின்னாளில் அதே குழு பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தபோது இரண்டுமே உண்மை என்று தெரிந்தது: பார்ப்பதால் பயம் கூடுகிறது, பயத்தால் அடுத்த சம்பவத்தை இன்னும் அதிகமாகப் பார்க்கிறோம்.

என் அனுபவத்தில், விவரம் தெரிந்துகொள்ள உட்காருகிறவர் அரை மணி நேரத்துக்கு மேல் புதிதாக எதையும் தெரிந்துகொள்வதில்லை. சேனலிடமும் புதிதாக ஒன்றும் இருப்பதில்லை. கட்டடம் இடிவதை ஒலியைக் கூட்டியும் வட்டம் போட்டும் மெதுவாக்கியும் திரும்பக் காட்டுகிறார்கள். 2001 செப்டம்பர் 11 அன்று அமெரிக்கப் பெரியவர்கள் சராசரியாக எட்டு மணி நேரம் தொலைக்காட்சி பார்த்ததாகச் சில நாள் கழித்து எடுத்த கணக்கெடுப்பு சொன்னது. அந்த வீடுகளில் குழந்தைகளும் இருந்தார்கள். சிறு குழந்தைக்கு மறுஒளிபரப்பு என்பது புரியாது. ஒவ்வொரு முறையும் இன்னொரு கட்டடம் இடிகிறது என்றே அது நினைக்கக்கூடும்.

நேரலையின் ஆபத்து மனதோடு நிற்பதில்லை. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் பணயக்கைதிகளை மீட்கக் காவலர்கள் கூரைமேல் ஏறியது நேரலையில் போனது. உள்ளே இருந்த தீவிரவாதிகளும் அதைப் பார்த்தார்கள். 2008இல் மும்பையில் கமாண்டோக்கள் ஹெலிகாப்டரிலிருந்து இறங்கியதும் அப்படியே ஒளிபரப்பானது. அந்த நேரலையை உச்ச நீதிமன்றம் 2012 தீர்ப்பில் கடுமையாகக் கண்டித்தது. 2015இல் இத்தகைய நடவடிக்கைகளின் நேரலைக்கு இந்திய அரசு தடை விதித்தது. 2019இல் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சில் 51 பேரைக் கொன்றவனோ, கொலையைத் தானே ஃபேஸ்புக்கில் நேரலை செய்தான். முதல் 24 மணி நேரத்தில் அந்த வீடியோவின் 15 லட்சம் பிரதிகளை நீக்கியதாக ஃபேஸ்புக் சொன்னது. அவற்றை ஏற்ற முயன்றவர்களில் வேண்டுமென்றே பரப்பியவர்களும் இருந்தார்கள், நம்மைப் போன்ற பார்வையாளர்களும் இருந்தார்கள். அன்றைய பிரதமர் ஜசிண்டா ஆர்டெர்ன் அவன் பெயரை உச்சரிக்கவே மறுத்தார். அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

சினிமாவைப் பற்றி எனக்கு வேறொரு வருத்தம். வெடிக்கும் நொடிக்கு அதில் இருக்கும் இடம், அதற்கு அப்புறம் வரும் ஆண்டுகளுக்கு இல்லை. போரின் பாதிப்பு என்றால் கத்துவது, பொருளை உடைப்பது, துப்பாக்கியைத் தூக்குவது என்று காட்டிக் காட்டி, அமைதியாக இருப்பவரை வீட்டார் "தேறிவிட்டார்" என்று நம்பிவிடுகிறார்கள். நான் பார்ப்பவர்களில் பலர் கத்துவதில்லை. பேருந்தில் ஏற மாட்டார்கள். கதவு சாத்தும் சத்தத்துக்கு உடம்பு தூக்கிப்போடும். பிள்ளையைக் கொஞ்சும்போதுகூட உள்ளே மரத்துப்போயிருக்கும். இவையும் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனநோயின் அறிகுறிகள்தான். ஒரு படமாவது இதைப் பொறுமையாகச் சொன்னால், பல குடும்பங்கள் மருத்துவரிடம் சீக்கிரம் வந்து சேரும்.

செய்தியே பார்க்காதீர்கள் என்று நான் யாரிடமும் சொல்வதில்லை. அடுத்தவர் துயரம் நமக்குத் தெரிய வேண்டும். வீடியோவுக்குப் பதில் எழுத்தில் படியுங்கள். நாளுக்கு இரண்டு வேளை போதும், படுக்கப்போகும் நேரம் வேண்டாம். போனில் வீடியோ தானாக ஓடுவதை நிறுத்திவையுங்கள். ரத்தமும் உடல்களும் உள்ள எதையும் அனுப்பாதீர்கள். அதைத் திறப்பவர் தன் வாழ்க்கையிலேயே ஒரு போரைக் கடந்து வந்தவராக இருக்கலாம். குழந்தையிடம் விளக்கத் தொடங்கும் முன், அது என்ன பார்த்தது, என்ன நினைக்கிறது என்று கேளுங்கள்.

படபடப்பும் கெட்ட கனவும் பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் தானாகத் தணியும். ஒரு மாதம் தாண்டியும் நீடித்தால், வேலையையோ தூக்கத்தையோ கெடுத்தால், மனநல மருத்துவரைப் பாருங்கள். உயிரை விடலாம் என்ற எண்ணம் வந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம்.