‘நார்மல்’ என்று வந்த இ.இ.ஜி. அறிக்கை

போன ஆடி மாதம் ஒரு மதியம், காங்கேயம் பக்கத்திலிருந்து ஒருவர் எங்கள் கல்லூரி ஆய்வகத்துக்கு வந்தார். எங்கள் மாணவி ஒருத்திக்குப் பெரியப்பா முறை. கையில் மஞ்சப்பை, அதற்குள் மகனின் இ.இ.ஜி., அதாவது மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் சோதனையின் அறிக்கை. மகனுக்குப் பத்தொன்பது வயது, நூல் மில்லில் வேலை. மூன்று மாதத்தில் இரண்டு தடவை வலிப்பு வந்து விழுந்திருக்கிறான். டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்து, இ.இ.ஜி. எடுத்து வரச் சொல்லியிருக்கிறார்.

“நார்மல்னு போட்டிருக்குதுங்க மேடம். அப்ப வலிப்பு இல்லைன்னுதானுங்க அர்த்தம்? அதனால மாத்திரைய நிறுத்திப் போட்டோமுங்க. போன வாரம் மறுபடி வந்திருச்சு.”

நான் மருத்துவர் இல்லை. மின்னணுவியல் படித்து, மூளை சமிக்ஞைகளைக் கணினியில் அலசும் ஆராய்ச்சியில் பதினேழு வருடம் கழித்தவள். மாத்திரை பற்றி நான் பேசக் கூடாது, பேசவும் இல்லை. அவரை அன்றைக்கே அந்த டாக்டரிடம் திரும்பப் போகச் சொன்னேன். ஆனால் அந்தக் காகிதத்தில் இருந்த ‘நார்மல்’ என்ற சொல்லுக்கு என்ன பொருள், என்ன பொருள் இல்லை என்பதைச் சொல்லும் கடமை என்னைப் போன்றவர்களுக்கு உண்டு. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு பயத்தைத் தீர்த்துவிடலாம். இ.இ.ஜி. எடுக்கும்போது தலையில் கரண்ட் எதுவும் வைப்பதில்லை. இருபதுக்குக் கொஞ்சம் கூடவோ குறையவோ சின்னக் குமிழ்களை (மின்முனைகள் என்போம்) பசை வைத்து மண்டையில் ஒட்டி, மூளையிலிருந்து வெளியே கசியும் மின்னழுத்தத்தை அளக்கிறார்கள். அவ்வளவுதான். காது கொடுத்துக் கேட்பது போன்ற வேலை.

சோமனூர், பல்லடம் பக்கம் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. தறிக்கூடத்துக்கு வெளியே, சுவரோரம் நின்று கேட்டுப் பாருங்கள். உள்ளே எந்தத் தறியில் என்ன நூல் ஓடுகிறது, எதில் இழை அறுந்தது என்று வெளியிலிருந்து தெரியாது. எல்லாம் கலந்த ஓர் இரைச்சல்தான் கேட்கும். ஆனால் உள்ளே இருக்கிற தறிகள் எல்லாம் திடீரென ஒரே தாளத்தில் அடிக்க ஆரம்பித்தால், சுவருக்கு வெளியேயும் அது தெரிந்துவிடும். மூளையில் சுமார் 8,600 கோடி நரம்பணுக்கள் இருக்கின்றன. அவை வழக்கமாக ஆளுக்கொரு வேலையாக ஓடிக்கொண்டிருக்கும். வலிப்பு என்பது ஒரு பெருங்கூட்டம் அணுக்கள் கட்டுமீறி ஒரே தாளத்தில் அடிப்பது.

அந்த ஓசை எவ்வளவு சன்னமானது தெரியுமா? இ.இ.ஜி.யில் நாங்கள் பார்ப்பது பெரும்பாலும் 10 முதல் 100 மைக்ரோவோல்ட். டார்ச் லைட் பேட்டரி 1.5 வோல்ட். 50 மைக்ரோவோல்ட் என்றால் அதில் 30,000-ல் ஒரு பங்கு. கண் சிமிட்டினால் அதைவிடப் பெரிய அலை வரும். பல்லைக் கடித்தால் தாடைத் தசையின் கிறுக்கல் மொத்தப் பதிவையும் மூடிவிடும். சுவரில் ஓடும் ஒயரிலிருந்து 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் வந்து ஒட்டிக்கொள்ளும். இதற்கெல்லாம் மேலே மண்டையோடு ஒரு தடுப்பு. மூளைப் பரப்பில் ஆறு முதல் பத்து சதுர சென்டிமீட்டர் அளவுக்காவது சேர்ந்து துடித்தால்தான் மண்டைக்கு வெளியே கண்ணுக்குத் தெரிகிற அலையாக வரும். கண்ணுக்கும் காதுக்கும் நடுவே இருக்கும் பொட்டுக்குப் பின்னால் ஆழத்தில், மூளை மடிப்புக்குள் நடப்பது பல நேரம் வெளியே வருவதே இல்லை.

இப்போது நேரக் கணக்கைப் பாருங்கள். வழக்கமான இ.இ.ஜி. இருபது முப்பது நிமிடம்தான் எடுப்பார்கள். ஒரு நாளில் 48-ல் ஒரு பங்கு. அந்த அரை மணியில் வலிப்பே வந்து பதிவாவது அபூர்வம். வலிப்பு இல்லாத நேரத்திலும் அவ்வப்போது தலைகாட்டும் கூரான சின்ன முட்கள், ஒரு நொடியில் இருபதில் ஒரு பங்கு, பத்தில் ஒரு பங்கு நேரமே இருப்பவை, அவற்றைத்தான் தேடுகிறார்கள். வலிப்பு நோய் உறுதியாக இருப்பவர்களிலேயே முதல் இ.இ.ஜி.யில் ஏறக்குறைய பாதிப் பேருக்குத்தான் அந்தத் தடயம் அகப்படுகிறது. சில ஆய்வுகளில் அதற்கும் கீழே. திரும்பத் திரும்ப, தூக்கத்திலும் சேர்த்து எடுத்தால் இந்த அளவு எண்பது சதவீதம் வரை ஏறும்.

ஆக, ‘நார்மல்’ என்றால் “இந்த அரை மணி நேரத்தில், மண்டைக்கு வெளியிலிருந்து கேட்ட வரையில், ஒன்றும் அகப்படவில்லை” என்றுதான் பொருள். வலிப்பு நோய் இல்லை என்று அதற்குப் பொருள் கிடையாது. மறுபக்கமும் உண்டு. வாழ்நாளில் ஒரு தடவைகூட வலிப்பு வராத சிலருக்கும் அந்த முட்கள் தென்படும். காகிதத்துக்கு வைத்தியம் பார்க்கக் கூடாது என்று நரம்பியல் மருத்துவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான். நோயைத் தீர்மானிப்பதில் முதல் சாட்சி, விழுந்ததைக் கண்ணால் பார்த்தவர்.

இந்த இடத்தில் என் துறையைப் பற்றியும் மனதைத் திறந்து சொல்ல வேண்டும். நம் பொறியியல் கல்லூரிகளில் “வலிப்பைக் கணினி 99 சதவீதம் துல்லியமாகக் கண்டுபிடிக்கிறது” என்று ஏராளமான கட்டுரைகள் வருகின்றன. நானும் என் முனைவர் பட்டக் காலத்தில் அப்படி ஒன்று எழுதினேன். அவற்றில் மிகப் பல, ஜெர்மனியின் பான் பல்கலைக்கழகக் குழு 2001-ல் பொதுவில் தந்த ஒரு தரவுத் தொகுப்பை வைத்துச் செய்தவை. ஐந்து தொகுதிகள், ஒவ்வொன்றிலும் 23.6 நொடி நீளமுள்ள நூறு துண்டுகள். நல்ல தரவு, தந்தவர்கள் எதையும் மறைக்கவில்லை. ஆனால் நலமானவர்களின் பதிவுகள் மண்டைக்கு வெளியே எடுத்தவை. நோயாளிகளின் பதிவுகள் அறுவை சிகிச்சைக்கு முந்தைய பரிசோதனையில் மண்டைக்குள்ளேயே மின்முனை வைத்து எடுத்தவை. நலமானவரின் துண்டையும் வலிப்புத் துண்டையும் பிரித்துக் காட்டு என்றால் கணினி சுலபமாகப் பிரித்துவிடும். சுவருக்கு வெளியே எடுத்த ஒலியையும், ஓடுகிற தறிக்குப் பக்கத்தில் எடுத்த ஒலியையும் பிரிப்பது போல. அதில் கிடைத்த மதிப்பெண்ணை வைத்து அரசு மருத்துவமனையின் வெளிநோயாளிப் பிரிவில் வேலை செய்யும் கருவி தயார் என்று சொல்ல முடியாது. பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் 22 பேரிடம் மணிக்கணக்கில் எடுத்த தொடர் பதிவுகளில் பிறகு வேலை செய்தபோதுதான் எனக்கு அது உறைத்தது. ஒரு குழந்தையின் பதிவில் பழக்கிய நிரல், அடுத்த குழந்தையிடம் தடுமாறியது. இப்போது என் மாணவர்களிடம் நான் முதலில் கேட்பது, “பழக்காத நோயாளியிடம் சோதித்தாயா?” என்ற கேள்விதான்.

சரி, வீட்டில் இருப்பவர்கள் செய்யக்கூடியதைச் சொல்கிறேன்.

இ.இ.ஜி.க்குப் போகும் முன் தலைக்கு ஷாம்பு போட்டு அலசி, எண்ணெய் வைக்காமல் போங்கள். நம் ஊர் அம்மாக்கள் ஆஸ்பத்திரிக்குப் போகிறோம் என்று பிள்ளைக்கு வழிய வழியத் தேங்காய் எண்ணெய் தடவிச் சீவிக் கூட்டிவருவார்கள். எண்ணெய் மின்முனையைத் தோலோடு ஒட்ட விடாது. அப்புறம் பதிவு முழுக்க இரைச்சல். முதல் நாள் இரவு குறைவாகத் தூங்கி வரச் சொன்னால் அப்படியே செய்யுங்கள், சோதனையில் தூங்கினால் தடயம் அகப்படும் வாய்ப்பு கூடும். சோதனைக்காக என்று மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

அதைவிடப் பெரிய உதவி உங்கள் கையிலேயே இருக்கிறது. வலிப்பு வரும்போது வீட்டில் இரண்டு பேர் இருந்தால், ஒருவர் கவனித்துக்கொள்ள, இன்னொருவர் செல்போனில் வீடியோ எடுக்கட்டும். முதலில் எந்தக் கை இழுத்தது, கண் எந்தப் பக்கம் திரும்பியது, பேச்சு எப்போது நின்றது, எத்தனை நிமிடம் நீடித்தது என்று அதில் தெரியும். எங்கள் கருவி அரை மணி நேரம் காத்திருந்தும் பிடிக்காததை ஒரு நிமிட வீடியோ டாக்டருக்குக் காட்டிவிடும்.

இரும்பு பற்றியும் சொல்ல வேண்டும். வலிப்பு வந்தால் சாவிக்கொத்து, அரிவாள், கடப்பாரை என்று கையில் இரும்பைத் திணிக்கும் வழக்கம் இன்னும் நம் பக்கம் போகவில்லை. இரும்பு கொடுத்ததும் நின்றுவிட்டது என்று பார்த்தவர்கள் சத்தியம் செய்வார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. பெரும்பாலான வலிப்புகள் ஓரிரண்டு மூன்று நிமிடத்தில் தானாகவே அடங்கிவிடும். பதறி ஓடி, இரும்பைத் தேடி எடுத்து வருவதற்கும் அதே நேரம்தான் ஆகும். மூளைக்குள் ஓடும் அந்தத் தாளத்தை உள்ளங்கை இரும்பு நிறுத்துவதற்கு எந்த வழியும் கிடையாது. வெட்டும் குத்துமாகக் காயம்தான் மிச்சம். வாயில் கரண்டி வைத்தால் பல் உடையும், தண்ணீர் ஊற்றினால் மூச்சுக்குழாயில் இறங்கும். பக்கத்தில் இருக்கும் கல், கட்டைகளை நகர்த்துங்கள். தலைக்குக் கீழே துண்டை மடித்து வையுங்கள். இழுப்பு அடங்கியதும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினாலோ, நினைவு திரும்பாமல் அடுத்த வலிப்பு தொடங்கினாலோ 108-ஐக் கூப்பிடுங்கள்.

எல்லா வலிப்பும் விழுந்து இழுப்பதில்லை. வகுப்பில் ஒரு பிள்ளை பேசிக்கொண்டே இருந்து சட்டென்று பத்து நொடி வெறித்துப் பார்த்து, பிறகு ஒன்றும் நடக்காதது போலத் தொடரும். ஒரு நாளில் பல தடவை நடக்கும். கவனமில்லை என்று டீச்சர் திட்டுவார், வீட்டில் அடி விழும். இந்த வகையில் மட்டும் இ.இ.ஜி. மிக நன்றாகக் கைகொடுக்கும். மூன்று நிமிடம் பிள்ளையை வேகமாக மூச்சு இழுத்து விடச் சொன்னால், நொடிக்கு மூன்று என்ற கணக்கில் முள்ளும் அலையுமாகத் திரை முழுக்க வந்து நிற்கும். மாத்திரைக்கு நன்றாகக் கட்டுப்படும் வகை இது. ஆசிரியர்கள் யாராவது இதைப் படித்தால், உங்கள் வகுப்பில் அப்படி ஒரு பிள்ளை இருக்கிறதா என்று ஒரு வாரம் கவனியுங்கள்.

கல்யாணத்துக்காக மறைப்பது இன்னொரு வேதனை. பெண் பார்க்க வருகிறார்கள் என்று மாத்திரை அட்டையை ஒளித்து, கடைசியில் மாத்திரையையே நிறுத்தி, முகூர்த்த நேரத்துத் தூக்கமின்மையும் சேர்ந்து மண்டபத்திலேயே வலிப்பு வந்த கதையை நேரில் கேட்டிருக்கிறேன். இந்துத் திருமணச் சட்டத்தில் வலிப்பு ஒரு தடையாக இருந்தது உண்மை. 1999-ல் திருத்தம் செய்து அந்தச் சொல்லையே எடுத்துவிட்டார்கள். சரியான மருந்து கிடைத்தால் பத்தில் ஏழு பேர் வலிப்பில்லாமல் வாழ முடியும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. கல்யாணம் ஆகப்போகும் பெண்கள் எந்த மாத்திரை சாப்பிடுகிறோம் என்பதை முன்கூட்டியே டாக்டரிடம் பேசிவிட வேண்டும். சில மருந்துகள் கருவுக்கு ஆகாது, அவர் மாற்றிக் கொடுப்பார்.

இதே கருவியின் பெயரைச் சொல்லி நடக்கும் வியாபாரமும் எனக்குக் கவலை தருகிறது. நெற்றியில் ஒரு பட்டையைக் கட்டி, பிள்ளையின் புத்தி எந்தப் பக்கம், டாக்டராவானா என்ஜினீயராவானா என்று ‘மூளை அலை’ பார்த்துச் சொல்வதாகப் பெற்றோரிடம் ஆயிரக்கணக்கில் வாங்குகிறார்கள். நெற்றியில் இரண்டு முனை வைத்தால் முதலில் வருவது கண்ணசைவும் நெற்றித் தசையும்தான். 1924-ல் ஜெர்மனியின் யேனா நகரத்தில் மனித மூளை அலையை முதன்முதலாகப் பதிவு செய்த ஹான்ஸ் பெர்கர் ஒரு மனநல மருத்துவர். இளவயதில் குதிரையிலிருந்து விழுந்து உயிர் தப்பிய அன்றே, தூரத்தில் இருந்த அக்காவுக்கு மனம் பதறி வீட்டிலிருந்து தந்தி வந்ததாம். மனதுக்கு மனம் செய்தி போகிறதா என்று தேடித்தான் அவர் மூளைப் பக்கம் வந்தார். அவருக்குக் கிடைத்தது, கண்ணை மூடினால் எழுந்து திறந்தால் அடங்கும், நொடிக்குப் பத்துத் தடவை ஆடும் ஓர் அலை. 1929-ல் அதை வெளியிட்டார். எண்ணத்தைப் படிக்கும் வழி அதில் இல்லை. நூறு வருடம் கழித்தும், நெற்றிப் பட்டையில் எதிர்காலம் தெரிவதில்லை.

காங்கேயத்துக்காரர் அன்றே டாக்டரிடம் போனார். மாத்திரை மறுபடி தொடங்கியது. பையனின் தங்கை அவன் விழுந்ததைப் போனில் எடுத்து வைத்திருந்தாள், அப்பாவுக்கே அதுவரை தெரியாது. அதைப் பார்த்துத்தான் டாக்டர் தூக்கத்தில் இன்னொரு இ.இ.ஜி. எடுக்கச் சொல்லியிருக்கிறார். இடது பொட்டுப் பக்கம் முட்கள் இருந்தன. விழுந்த மூன்று நாளுமே இரவு ஷிஃப்ட் முடிந்து தூங்காமல் இருந்த நாள் என்பதும் பேசும்போதுதான் வெளியே வந்தது. மில்லில் கேட்டுப் பகல் ஷிஃப்டுக்கு மாற்றிக்கொண்டான். கிணற்றில் தனியாகக் குதிப்பதும், பைக் ஓட்டுவதும் இப்போதைக்கு இல்லை.

தை மாதம் அவர் மறுபடி வந்தார், அதே மஞ்சப்பையோடு. இந்தத் தடவை உள்ளே இருந்தது தினசரிக் காலண்டரில் கிழித்த தாள்கள். மாத்திரை கொடுத்த நேரம் ஒவ்வொன்றின் பின்பக்கமும் பென்சிலால் எழுதியிருந்தது. ஐப்பசியில் ஒரே ஒரு தாளில் மட்டும், ‘காலை 6.10, வலது கை, ஒண்ணரை நிமிசம்’ என்று இருந்தது.