கடைக்கு மேல் குடியிருப்பவர்களுக்கு: கையொப்பம் போட முதல் வீடுகளை எண்ணுங்கள்

ரொறன்ரோவில் ஒரு பிரதான வீதியில், கடைக்கு மேல்மாடியில் நெடுநாளாக வாடகைக்கு இருந்த ஓர் அம்மா ஒரு தாளைக் கொண்டுவந்து காட்டினார். நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்திருந்தார். "இது பாரம்பரியக் கட்டடமாம் தம்பி, இடிக்க ஏலாதாம். பயமில்லைத்தானே?" தாளின் தலைப்பில் என்-11 என்று இருந்தது. அடியில் அவருடைய கையொப்பம்.

என்-11 வெளியேற்றும் நோட்டீஸ் அல்ல. இரு பகுதியும் சம்மதித்து வாடகையை முடித்துக்கொள்ளும் ஒப்பந்தம். அதில் கையொப்பமிட்டால், இடிப்புக்காகச் சட்டம் தரும் இழப்பீட்டைக் கேட்க வழியில்லாமல் போகும். கட்டடத்தை இடிப்பதென்றால் வீட்டுக்காரர் தர வேண்டியது என்-13 என்ற நோட்டீஸ். குறைந்தது 120 நாள் அவகாசம். கட்டடத்தில் 5 வீடோ அதற்கு மேலோ இருந்தால் 3 மாத வாடகை, குறைவென்றால் 1 மாத வாடகை, வெளியேறும் தேதிக்குள் உங்கள் கைக்கு வர வேண்டும். அந்தத் தேதி தாண்டிவிட்டது என்று அவர் பூட்டை மாற்ற முடியாது. வெளியேற்றும் உத்தரவை ஒன்ராறியோ மாகாணத்தின் வாடகைத் தீர்ப்பாயம் மட்டுமே தரலாம்.

என்-13 படிவத்தில் கட்டட அனுமதிப் பத்திரம் பற்றி மூன்று சிறு பெட்டிகள் உண்டு: எடுத்தாயிற்று, எடுப்பேன், தேவையில்லை. 'எடுப்பேன்' என்பதில் குறி போட்டிருந்தால் பத்திரம் இன்னும் வரவில்லை என்று அர்த்தம். அதுவரை மூட்டை கட்டத் தொடங்காதீர்கள்.

இனிப் பாரம்பரியக் கதை. நகரசபையின் பாரம்பரியப் பட்டியலில் மட்டும் உள்ள கட்டடத்தை இடிக்க, பாரம்பரியச் சட்டப்படி உரிமையாளர் நகரசபைக்கு 60 நாள் முன்னறிவித்தல் கொடுத்தால் போதும். நகரசபை அந்த நாட்களுக்குள் அசையாவிட்டால் கட்டடம் போய்விடும். துணைச்சட்டம் போட்டுப் பாதுகாத்த கட்டடத்துக்குத்தான் அந்தச் சட்டப்படி அனுமதி கட்டாயம். அப்போதும் பல இடங்களில் முகப்பை மட்டும் நிறுத்திவைத்துப் பின்னால் மாடி எழுப்புகிறார்கள். அந்தச் சட்டம் பார்ப்பது செங்கல்லையும் ஜன்னலையும். வாடகைக்கு இருப்பவர் அதில் எங்கும் வருவதில்லை.

முகப்பு மிஞ்சுவதால் சில வீட்டுக்காரர்கள் இடிப்பு என்று எழுதாமல் 'பெரும் திருத்தம்' என்று எழுதுவார்கள். அப்படியென்றால் திரும்பி வரும் உரிமை உங்களுக்கு உண்டு. ஆனால் வெளியேற முன்னரே, திரும்பி வருவேன் என்று எழுத்தில் கொடுத்திருக்க வேண்டும். வாயால் சொன்னது கணக்கில் வராது.

பெரிய பொறி இனித்தான். ரொறன்ரோ நகரசபைச் சட்டக்கோவையின் 667ஆம் அத்தியாயப்படி, 6 அல்லது அதற்கு மேற்பட்ட வீடுகள் உள்ள இடத்தில் வாடகை வீட்டை இடிக்க நகரசபையின் தனி அனுமதி வேண்டும். இடிபடும் வாடகை வீடுகளே ஆறுக்குக் குறையாவிட்டால், மாற்று வாடகை வீடுகளும் பழைய வாடகையை ஒட்டிய தொகையில் திரும்பி வரும் உரிமையும் வழமையாகக் கேட்கப்படும். "உங்கள் கட்டடத்தில் மூன்று வீடுதானே, இது பொருந்தாது" என்பார்கள். ஒரே திட்ட விண்ணப்பத்தில் சேர்ந்த பக்கத்துக் கட்டடங்களையும் கூட்டி எண்ண வேண்டும் என்பதைச் சொல்ல மாட்டார்கள். அந்த அம்மாவின் வரிசையில் மூன்று கடைகள், மேலே ஏழு வீடுகள், ஒரே விண்ணப்பம். அவர் போன பிறகுதான் எண்ணினோம்.

திரும்பி வரும் உரிமை இல்லாமல் புதுக் கட்டடத்தில் வாடகைக்குப் போவதும் யோசிக்க வேண்டிய விஷயம். 2018 நவம்பர் 15க்குப் பிறகு முதன்முதல் குடியேறிய வீடுகளுக்கு மாகாணத்தின் வருடாந்த வாடகை உயர்வு வரம்பு இல்லை.

அலுவலகங்களுக்குப் போனால், வாடகை மாகாண விஷயம் என்று நகரசபையில் சொல்வார்கள். திட்ட அனுமதி நகரசபை விஷயம் என்று தீர்ப்பாயத்தில் சொல்வார்கள். இரண்டும் பாதி உண்மை, அதனால்தான் ஆட்கள் அலைகிறார்கள். நகரசபையின் தொலைபேசி எண்ணான 311க்கு எடுத்து இதை மட்டும் கேளுங்கள்: "இந்த முகவரிக்கு வாடகை வீடு இடிப்பு விண்ணப்பம் வந்திருக்கிறதா? அதில் எத்தனை வீடு என்று இருக்கிறது?" உங்கள் வீட்டைக் 'களஞ்சிய அறை' என்றோ 'வெறுமை' என்றோ எழுதியிருக்கலாம். வீட்டு இலக்கம் போட்ட மின்சார பில்லும் வாடகைப் பற்றுச்சீட்டும் அப்போதுதான் உதவும். பதிலை மின்னஞ்சலில் வாங்குங்கள்.

கையொப்பம் போட்டுவிட்டவர்களும் அன்றைக்கே சமூகச் சட்ட உதவி நிலையத்துக்குப் போங்கள். வருமானம் குறைந்தவர்களுக்கு அங்கே இலவசம். ஏமாற்றியோ வெருட்டியோ வாங்கிய கையொப்பத்தைத் தீர்ப்பாயத்தில் எதிர்க்க இடமுண்டு. தாளையும் அது வந்த கடித உறையையும் எறியாமல் கொண்டு போங்கள்.