காத்து பிரிந்த பிறகுதான் கஞ்சியா?

குடல் ஆபரேஷன் முடிந்தவர்களிடம் ரவுண்ட்ஸில் நாங்கள் கேட்கும் முதல் கேள்வி, "காத்து பிரிஞ்சுதா?" என்பதுதான். ஆமாம் என்றால் கட்டிலைச் சுற்றி நிற்பவர்கள் முகம் மலர்ந்துவிடும். இல்லையென்றால் இன்னொரு நாள் பட்டினி. நான் பயிற்சி எடுத்த காலத்தில் நான்கைந்து நாள்கூட இப்படிப் போட்டிருக்கிறோம். மூக்கில் டியூப், கையில் டிரிப்ஸ், காய்ந்த உதட்டில் ஈரப் பஞ்சு.

குடலை வெட்டி இணைத்திருக்கிறோம், தையலுக்கு ஓய்வு வேண்டும் என்பதுதான் அப்போது சொன்ன காரணம். ஆனால் வாய்வழியாக ஒரு சொட்டும் போகாவிட்டாலும் உமிழ்நீர், இரைப்பைச் சாறு, பித்தநீர், கணையநீர் என்று தினமும் பல லிட்டர் குடலுக்குள் இறங்கிக்கொண்டேதான் இருக்கிறது. கால் டம்ளர் கஞ்சித் தண்ணியை நிறுத்தி எந்தத் தையலைக் காப்பாற்றினோம்? சிறுகுடல் சில மணி நேரத்திலேயே அசையத் தொடங்கிவிடும். பெருங்குடல்தான் இரண்டு மூன்று நாள் எடுத்துக்கொள்ளும். காத்துக்காகக் காத்திருப்பது, கடைசியாக விழிப்பவனுக்காக வீட்டையே பட்டினி போடுவது மாதிரி.

டென்மார்க் அறுவை மருத்துவர் ஹென்ரிக் கெலெட் 1990களில் இந்தப் பழக்கங்களை ஒவ்வொன்றாகக் கேள்வி கேட்டார். வலியை நன்றாக அடக்கி, சீக்கிரம் சாப்பிட வைத்து, எழுப்பி நடக்க வைத்தால், வயிற்றைத் திறந்து பெருங்குடலின் ஒரு பகுதியை அகற்றியவர்களைக்கூட 2 நாளில் வீட்டுக்கு அனுப்ப முடியும் என்று 1999-ல் அவர் குழு எழுதியது. ஆபரேஷன் ஆனவர்களைச் சீக்கிரம் தேற வைக்க, 'ஈராஸ்' என்று இன்று நாங்கள் சொல்லும் முறைக்கு அதுதான் விதை.

ஆபரேஷனுக்கு முந்தைய பட்டினியும் அப்படித்தான். காலை பதினொரு மணிக்கு தியேட்டர் என்று இருந்த ஓர் அம்மாவின் மகள், "நேத்து ராத்திரியிலிருந்து பச்சைத் தண்ணி பல்லில் படலை டாக்டர்" என்று பெருமையாகச் சொன்னார். அந்த அம்மாவுக்கு நாக்கு அட்டை மாதிரி வறண்டு, தலைவலி வேறு. திட உணவையும் பாலையும் 6 மணி நேரத்துக்கு முன் நிறுத்தினால் போதும். வெறும் தண்ணீரை 2 மணி நேரம் முன்புவரை குடிக்கலாம். குடல் அடைப்பு இருப்பவர்கள், வயிறு மெதுவாகக் காலியாகும் சில சர்க்கரை நோயாளிகள் இதில் சேர மாட்டார்கள். அவர்களுக்கு மயக்க மருத்துவர் தனியாகச் சொல்வார்.

"இன்னொரு பாட்டில் ஏத்துங்க டாக்டர், தெம்பா இருக்கும்" என்று உறவினர்கள் கேட்கிறார்கள். அரை லிட்டர் சலைன் பாட்டிலில் 4.5 கிராம் உப்பு இருக்கிறது, ஏறக்குறைய ஒரு நாள் முழுக்கச் சாப்பிட வேண்டிய உப்பு. அளவு மீறி ஏற்றினால் குடல் சுவரே நீர்கோத்து வீங்கும், அசைவு இன்னும் தள்ளிப்போகும். பாட்டிலைவிட வாய்வழித் தண்ணீரும், வயிற்றில் தலையணையை அணைத்தபடி வராண்டாவில் நாலு நடையும் மேல். வலித்தால் பல்லைக் கடித்துக்கொண்டு படுக்காமல் சொல்லிவிடுங்கள், வலி இருந்தால் நடக்கவும் முடியாது, நன்றாக இருமவும் முடியாது.

சரி, சீக்கிரம் வீட்டுக்குப் போனால் ஒரு பொறுப்பும் கூடவே வருகிறது. காய்ச்சல், குறையாமல் ஏறும் வயிற்றுவலி, வயிறு உப்பி ஓயாத வாந்தி, படுத்திருக்கும்போதே படபடப்பு, கெண்டைக்கால் வீக்கம். இதில் ஒன்று தென்பட்டாலும் விடியட்டும் என்று இருக்க வேண்டாம், அன்றிரவே கிளம்பி வாருங்கள்.