ஆறில்லாத ஊருக்கு வரும் ஆற்று மின்சாரம்

யாழ்ப்பாணத்தில் ஆறு என்று சொல்ல வழுக்கையாறுதான் உண்டு. அதுவும் மாரியில் மட்டுமே ஓடும். ஆனாலும் சுன்னாகம் உபமின்நிலையம் வழியாக எங்கள் வீடுகளுக்கு வரும் மின்சாரத்தில் ஒரு பங்கு மலையகத்து ஆறுகளுடையது. அங்கே சிறு நீர்மின் திட்டம் கட்ட யாருக்கு அனுமதி கிடைக்கிறது, அதன் மின்சாரம் எந்த விலைக்கு வாங்கப்படுகிறது என்பது எங்கள் மின்கட்டணத்தையும் தொடும் விடயம்.

நீர்மின் கணக்கு எளிது. விநாடிக்கு 1 கனமீற்றர் நீர் 100 மீற்றர் உயரத்திலிருந்து இறங்கினால் 980 கிலோவாட் வலு. குழாயிலும் சுழலியிலும் மின்பிறப்பாக்கியிலும் இழப்பது போக 800 அளவில் தேறும்.

சிறு நீர்மின் திட்டத்துக்குப் பெரிய அணை வேண்டியதில்லை. ஆற்றுக்குக் குறுக்கே தாழ்வான தடுப்பு, மலைச்சரிவை ஒட்டி ஒரு வாய்க்கால், பிறகு செங்குத்தாக இறங்கும் இரும்புக் குழாய், அடியில் மின்நிலையம். தடுப்புக்கும் மின்நிலையத்துக்கும் இடையில் கோடையில் ஆறு வெறும் பாறையாகக் கிடக்கும். மீனுக்கும் குளிக்கும் துறைக்கும் குறைந்தபட்ச நீரை விடவேண்டும் என்ற நிபந்தனை அதனால்தான் வருகிறது. ஆனால் விண்ணப்பங்களைத் தனித்தனியே பார்த்தால், ஒவ்வொன்றும் சின்னத் திட்டமாகத்தான் தெரியும். ஒரே ஆற்றில் ஐந்து வந்தால் ஆறே குழாய்க்குள் போய்விடும். முழு ஆற்றுப்படுகையையும் முதலில் அளந்து, எங்கே கட்டலாம், எங்கே கூடவே கூடாது என்று அரசே குறித்துவிட வேண்டும்.

விலையும் இதோடு பின்னியது. 10 மெகாவாட் வரையான திட்டங்களுக்கு இலங்கையில் ஒரே மாதிரியான கொள்வனவு ஒப்பந்தம் இருந்தது. அதன் தொடக்ககால விலை, அந்த மின்சாரத்தால் மிச்சமாகும் எரிபொருளின் செலவைப் பார்த்து நிர்ணயமானது. எண்ணெய் விலை ஏறினால், செலவு கூடாத நீர்மின்சாரத்துக்கும் விலை ஏறும். பின்னர் தொழில்நுட்பத்துக்குத் தொழில்நுட்பம் கட்டுமானச் செலவைக் கணக்கிட்டு விலை வைத்தார்கள். கேள்விமனுப் போட்டி விலையை இன்னும் இறக்கும். ஆனால் இடமும் அனுமதியும் முன்கூட்டியே தயாராக இருந்தால் மட்டும். இல்லாவிட்டால் போட்டியிடுவோர் தாமதத்துக்கான வங்கி வட்டியையும் சேர்த்தே விலை கேட்பார்கள், அதைக் கட்டுவது பாவனையாளர்தான்.

பழைய முறையில் ஒரு நல்ல அம்சம் இருந்தது: பெப்ரவரி முதல் ஏப்ரல் வரையான வறண்ட மாதங்களுக்குத் தனி விலை. அதை நாளின் நேரத்துக்கும் விரிக்கலாம். நண்பகலில் எங்கள் கூரைச் சூரியகலங்களே நிறையத் தருகின்றன. தேவை உச்சத்துக்குப் போவது விளக்கேற்றும் நேரத்தில். பகலில் நீரைத் தேக்கி மாலையில் திறக்கக்கூடிய திட்டத்தின் அலகுக்கு அரசு கூடுதல் விலை கொடுக்கட்டும்.